கட்டிக்கும் செல்லுலைட்டிஸுக்கும் நடுவில் இரண்டு நாள்

ஒரு பல்லுக்கா இம்புட்டு என்று கேட்காதவர்கள் குறைவு. மருத்துவமனையில் என்னைப் பார்க்க வந்தவர்கள் பழப் பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, என் கழுத்தில் செருகியிருந்த குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதையேதான் கேட்டார்கள். பதில் சொல்ல எனக்குக் குரல் இல்லை. பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் எனக்காகப் பதில் சொன்னார். அவர் சொன்ன பதில் தப்பு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு நாற்பத்தொரு வயது. நாகமலை புதுக்கோட்டையில் குடியிருக்கிறோம். நான் ஒரு தனியார் கல்லூரி அலுவலகத்தில் எழுத்தர். என் வீட்டுக்காரர் பாண்டியராஜன் கிணற்று மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். என் தங்கை கலா, கீழக்குயில்குடியில் எங்கள் பிறந்த வீட்டிலேயே இருக்கிறாள்.

இடது கீழ்த்தாடையின் கடைசிப் பல்லில் அடைத்திருந்த சிமெண்ட் பொங்கல் வாக்கில் பெயர்ந்து விழுந்தது. வலி வந்தால் ஒரு மாத்திரை, போனால் மறதி. நான்கு மாதம் அப்படியே ஓட்டினேன். அந்தக் குற்றம் என்னுடையது. அதை யார் தலையிலும் ஏற்றவில்லை.

ஒரு புதன்கிழமை வலி விண்ணென்று தெறித்தது. வியாழக்கிழமை காலையில் கன்னம் உப்பியிருந்தது. அலுவலகம் விட்டு வரும்போது மருந்துக் கடையில் சொல்லி, அவர்கள் கிழித்துக் கொடுத்த மாத்திரைகளைப் போட்டுக்கொண்டேன். வெள்ளிக்கிழமை கன்னத்தில் வீக்கம் கொஞ்சம் வடிந்ததுபோல் இருந்தது. ஆனால் அது வடியவில்லை, தாடைக்கு அடியில் இறங்கியிருந்தது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பரவையில் ஒரு மண்டபத்தில் என் நாத்தனார் சுமதியின் மகளுக்குச் சடங்கு. என் வீட்டுக்காரர்தான் தாய்மாமன். மாமன் சீர் கொண்டுபோக வேண்டும். சீர்த் தட்டு வரிசைக்கு முன்னால் மாமன் பெண்டாட்டி நடக்க வேண்டும். அதே பெண்ணுக்குக் காது குத்தியபோது, தாய்மாமன் சீர் கொறச்சல் என்று பந்தியில் யாரோ பேசியது அவர் காதில் விழுந்துவிட்டது. அதை அவர் பல வருடங்களாக வயிற்றுக்குள் வைத்திருந்தார். இந்தமுறை ஐம்பத்தொரு தட்டு என்று முடிவு செய்து, வீட்டுக் கூடம் முழுக்கப் பித்தளைத் தட்டுகளாக அடுக்கியிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னைப் பைக்கில் ஒரு பல் மருத்துவரிடம் கூட்டிப்போனார். மருத்துவர் சின்ன வயதுப் பெண். என் வாயைப் பார்ப்பதற்கு முன்னாலேயே தாடைக்கு அடியில் இரண்டு விரல் வைத்து அழுத்தினார். நாக்கை மேலே தூக்கச் சொன்னார். எச்சிலை முழுங்கச் சொன்னார். அப்புறம் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு சீட்டில் எழுதினார். இன்றைக்கே பெரிய மருத்துவமனையில் சேர்ந்து நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும் என்றார்.

"கட்டிதானம்மா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"கட்டி, அதாவது அப்செஸ், இல்ல சார். செல்லுலைட்டிஸ். கட்டின்னா ஒரு எடத்துல நிக்கும். இது நிக்காம கழுத்துக்கு எறங்குது. நாளைக்குன்னு வைக்காதீங்க."

அவர் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். திரும்பும் வழியில் ஒரு டீக்கடை ஓரம் பைக்கை நிறுத்தி, மருந்து கம்பெனியில் பிரதிநிதியாக இருக்கும் நண்பருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் பேசினார், எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அப்செஸ், செல்லுலைட்டிஸ் என்று ரெண்டு பெயர் சொல்றாங்களே, ரெண்டும் வேறயா என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள. தமிழ்ல கட்டி, அம்புட்டுதான். பழுத்தா ஒடஞ்சு வடிஞ்சுரும். சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கச் சொல்லு. இவங்க பேர மாத்திச் சொல்லியே படுக்க வச்சுருவாங்க" என்றார் நண்பர்.

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஞாயித்துக்கெழம முடியட்டும் ராணி. திங்கக்கெழம காலையில மொத ஆளா போயிருவோம். நீ இல்லாம நான் எந்த மொகத்தோட சீரத் தூக்கிட்டுப் போவேன்?"

நான் தலையாட்டினேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும். எனக்கும் அந்தச் சின்ன வார்த்தை வேண்டியிருந்தது. செல்லுலைட்டிஸ் என்பது வாயில் நுழையாத, பயமான வார்த்தை. கட்டி என்றால் எனக்குத் தெரியும். சின்ன வயதில் எத்தனை கட்டி வந்து பழுத்து உடைந்திருக்கிறது. வீட்டுக்குப் போய் ஒத்தடம் கொடுத்தேன்.

சனிக்கிழமை வீக்கம் இடப்பக்கமிருந்து தாடையின் நடுவைத் தாண்டி வலப்பக்கமும் வந்துவிட்டது. தொட்டால் மெத்தென்று இல்லை, சப்பாத்திப் பலகையைத் தொட்டதுபோல் இருந்தது. வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. நாக்கு தன்னாலே மேலண்ணத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றது. கஞ்சித் தண்ணீர் உள்ளே போகவில்லை, எச்சில் வெளியே வழிந்தது. கலா போன் செய்தாள். என் பேச்சு, வாய் நிறையச் சுடுசோறு வைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்திருக்கிறது. ஏன் இப்படிப் பேசுகிறாய் என்று அவள் கேட்பதற்குள் அவர் போனை வாங்கி, பல்லில் கட்டி, மாத்திரை போட்டிருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பட்டுச் சேலை கட்டி, முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றி மூடிக்கொண்டேன். பரவையில் பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபம் வரைக்கும் மேளத்தோடு சீர் நடந்தது. முதல் தட்டு என் கையில். வீடியோ எடுத்தவர் முந்தானையை இறக்கச் சொன்னார். நான் கேட்காததுபோல் நடந்தேன். பாதி தூரத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இழுக்கிற காற்று தொண்டையோடு நின்றது. மண்டப வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். தட்டைக் கொண்டுபோய் மேடையில் வைத்தது நினைவிருக்கிறது. அங்கேயே முட்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

கூட்டத்தில் கலா வந்திருந்தாள். அவள் என் முந்தானையை விலக்கிப் பார்த்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, ஒரு ஆட்டோவில் ஏற்றினாள். அவர் பின்னாலேயே பைக்கில் வந்தார். என்னால் சாய முடியவில்லை. சாய்ந்தால் மூச்சு அடைத்தது. மதுரை அரசு மருத்துவமனை வரைக்கும் முன்னால் குனிந்து, கலாவின் மடியில் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தேன்.

அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவர் எத்தனை நாளாக என்று கேட்டார். நேற்றுதான் பெரிதானது, பல்லில் கட்டி என்றார் என் வீட்டுக்காரர். யாரிடமாவது காட்டினீர்களா என்று கேட்டார். இல்லை சார் என்றார்.

நான் ஓர் அடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். பல் மருத்துவர் எழுதிய சீட்டை அவர் சட்டைப் பையில் வைத்ததைப் பார்த்தவள் நான். அன்றைக்கு அவர் போட்டிருந்தது பட்டுச் சட்டை, அதனால் சீட்டு வேறு சட்டையில் வீட்டில் இருந்திருக்கலாம். எங்கே இருந்தால் என்ன?

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், முந்நூற்றுக்கு மேல். எனக்குச் சர்க்கரை நோய் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. மயக்க மருந்து மருத்துவர் வந்து என் வாயைப் பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார். வீக்கத்தால் வாய் வழியாகக் குழாய் இறக்க முடியாது. முழுசாக மயக்கம் கொடுத்தால் மூச்சுப் பாதை மூடிக்கொள்ளும். ஆகவே கழுத்தில் மரத்துப்போக ஊசி போட்டு, நான் விழித்திருக்கும்போதே மூச்சுக் குழாயில் துளை போட்டு அதில் குழாய் வைக்க வேண்டும் என்றார்கள். அந்தத் துளை குரல் நாண்களுக்குக் கீழே இருக்கும். காற்று குரல் நாண் பக்கம் போகாது. குழாய் இருக்கிறவரை பேச்சு வராது.

"கொஞ்ச நாளைக்குப் பேச முடியாதும்மா. இப்ப ஏதாச்சும் சொல்லணும்னா சொல்லிருங்க" என்றார் மருத்துவர்.

என் வீட்டுக்காரர் அங்கேதான் நின்றார். நான் "கலா" என்று மட்டும் சொன்னேன். அதுவும் தெளிவாக வரவில்லை.

கழுத்தில் கத்தி பட்டது வலிக்கவில்லை. ஆனால் மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் ஒருத்தியின் முகத்தின் மேல் துணியைப் போட்டு, ஆடாதே என்று சொல்வது எப்படி இருக்கும் என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. திடீரென்று குளிர்ந்த காற்று நெஞ்சுக்குள் இறங்கியது. அதற்கப்புறம் மயக்கம் கொடுத்தார்கள். தாடைக்கு அடியில் மூன்று இடத்தில் வெட்டி, கசிவு வடிவதற்கு ரப்பர் பட்டைகளைச் செருகி, அந்தப் பல்லையும் பிடுங்கிவிட்டார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள், வார்டில் பத்து நாள். மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய். அதில்தான் பாலும் கஞ்சியும். கழுத்துக் குழாயில் சளி அடைக்கும். செவிலியர் மெல்லிய ரப்பர் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார். ஒவ்வொரு தடவையும் உயிரையும் சேர்த்து இழுப்பதுபோல் இருக்கும், கண்ணில் தண்ணீர் கொட்டும். அடுத்த கட்டிலில் இருந்த ஒரு அம்மா அதைப் பார்க்க மாட்டாமல் திரும்பிப் படுத்துக்கொள்வார். கலா கல்லூரி நோட்டு ஒன்றையும் பேனாவையும் என் தலையணைக்கு அடியில் வைத்தாள். எதுவானாலும் எழுதிக் காட்டு அக்கா என்றாள். நான் முதலில் எழுதியது, தண்ணீர் வேண்டும் என்று. கொடுக்கக் கூடாது என்றார்கள்.

என் வீட்டுக்காரரை அன்பில்லாதவர் என்று எழுதினால் எனக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் அவர் கடையைப் பூட்டிவிட்டுப் பதினான்கு நாளும் அங்கேயே கிடந்தார். கஞ்சியை மூன்று தடவை வடிகட்டினார், குழாய் அடைத்துவிடக் கூடாதே என்று. என் முடியில் சிக்கெடுத்துப் பின்னிவிட்டார். மோட்டாருக்குக் காயில் சுற்றும் விரல்கள், நன்றாகத்தான் பின்னின. செருப்புப் போடாமல் வார்டுக்கும் மருந்தகத்துக்கும் ஓடினார். இத்தனையும் செய்துகொண்டே, வந்த ஒவ்வொருவரிடமும் ஒரே கதையைச் சொன்னார். பல்லில் சீழ்க்கட்டி, உள்ளுக்குள் உடைந்துவிட்டது, இவள் பல்லைக் கவனிக்கவே இல்லை, சர்க்கரை வேறு, யாருக்குத் தெரியும். கேட்டவர்கள் என்னைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். சிலர் பல் தேய்ப்பது பற்றி எனக்குப் புத்தி சொன்னார்கள்.

ஆறாம் நாள் ரப்பர் பட்டைகளை மாற்ற ஓர் இளம் மருத்துவர் வந்தார். நான் நோட்டில் எழுதிக் காட்டினேன்: அப்செஸ், செல்லுலைட்டிஸ் ரெண்டும் ஒண்ணா?

அவர் வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னார். அவர் சொன்னதை என் வார்த்தையில் எழுதுகிறேன். அப்செஸ் என்கிற சீழ்க்கட்டி, கண்மாய்க்குள் நிற்கிற தண்ணீர். உடம்பு கிருமியைச் சுற்றிக் கரை கட்டிவிடும். எல்லை தெரியும், அழுத்தினால் உள்ளே தளும்பும். ஓர் இடத்தில் கீறினால் சீழ் வடிந்துவிடும். செல்லுலைட்டிஸ், கரை உடைந்து வயலெல்லாம் பாய்கிற தண்ணீர். சதை அடுக்குகளுக்கு நடுவில் கிருமி பரவிக்கொண்டே போகும். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாது. தொட்டால் தளும்பாது, கல்போல் இறுகியிருக்கும். அதில் பழுப்பதற்கு ஒன்றும் இல்லை. ஒன்று இன்னொன்றாக மாறுவதும் உண்டு. கட்டியின் கரை உடைந்து பரவலாம், பரவியது பிறகு சீழ் கோத்து நிற்கலாம். எதுவானாலும் மருத்துவர் பார்க்க வேண்டும். ஆனால் கீழ்த்தாடைக்கு அடியில் இறுகிப் பரவுகிற வீக்கம் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்காது. நாக்கு மேலே தூக்கினால், எச்சில் இறங்காவிட்டால், குரல் மாறினால், அடுத்தது மூச்சுதான்.

"உங்களுக்கு வெட்டினப்ப ஒரு ஸ்பூன் சீழ்கூட வரலம்மா. கலங்கல் தண்ணிதான் வந்துச்சு. ரெண்டு நாள் முந்தி வந்திருந்தா அநேகமா ஊசி மருந்தோட, பல்ல எடுக்கறதோட முடிஞ்சிருக்கும். கழுத்துல கை வச்சிருக்க மாட்டோம்."

என் வீட்டுக்காரர் கட்டிலின் மறுபக்கம் கஞ்சி டம்ளரோடு நின்றார். "எங்களுக்கு எப்படி டாக்டர் தெரியும்? ஒருத்தரும் சொல்லலையே" என்றார்.

நான் எழுதினேன்: வெள்ளிக்கிழமை சொன்னார்கள்.

நோட்டை அவர் பக்கம் திருப்பினேன். மருத்துவர் குனிந்து பஞ்சை எடுத்துக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் நோட்டை வாங்கினார். அந்தத் தாளைச் சத்தம் வராமல் கிழித்து நான்காக மடித்தார். மருத்துவர் போனபிறகு, "இப்ப எதுக்கு அது?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவதுபோல்தான் இருந்தது. எனக்கு அது இன்னும் கசந்தது. அதற்குமேல் நான் அவருக்கு எதுவும் எழுதிக் காட்டவில்லை. கஞ்சி போதும் என்பதைக்கூடக் கையால்தான் காட்டினேன்.

பதினோராம் நாள் கழுத்துக் குழாயை எடுத்துவிட்டுத் துளையைத் துணியால் மூடி ஒட்டினார்கள். துளை தானாகவே மூடிக்கொள்ளும்; அதுவரை பேச வேண்டுமானால் கட்டின் மேல் விரலை அழுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் காற்று அந்த வழியே போய்விடும் என்றார்கள். கலாவிடம் அழுத்திக்கொண்டு பேசிப் பார்த்தேன். கரகரவென்று யாரோ வேறு பெண் பேசினாள். அவரிடம் பேசவில்லை. வலிக்கிறது போலும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த மறுநாள் சுமதி தன் கணவரோடு வந்தாள். கூடத்தில் என் எதிரில் உட்கார்ந்து அழுதாள். என் மகள் விசேஷத்தன்றைக்கா இப்படி ஆக வேண்டும் என்றாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா மதினி? முடியலன்னு சொல்லிருந்தா நீங்க வராட்டி என்னன்னு இருந்திருப்பேனே. கட்டிய இம்புட்டு முத்தவிட்டு, நீங்களா இழுத்துப்போட்டுக்கிட்டீங்களே."

நான் விரலைக் கழுத்தில் வைத்து அழுத்தினேன்.

"கட்டி இல்ல சுமதி. செல்லுலைட்டிஸ். வெள்ளிக்கெழமையே டாக்டரம்மா சொன்னாங்க, அன்னைக்கே சேரணும்னு. உங்க அண்ணனுக்குத் தெரியும். ஞாயித்துக்கெழம முடியட்டும்னாரு. நானும் சரின்னேன்."

இவ்வளவு நீளமாகப் பேசியதில் மூச்சு வாங்கியது. சுமதி, சுவரோரம் நின்ற அண்ணனைப் பார்த்தாள். அவர் மறுப்பார் என்று நான் எதிர்பார்த்தேன். மறுத்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

"எம்மக விசேஷத்துக்கு ஒம்பொண்டாட்டி உசுரையாண்ணே நான் சீராக் கேட்டேன்?" என்றாள் சுமதி.

"நீ கேக்கல. ஊரு கேட்டுச்சு" என்றார் அவர். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

சுமதி பித்தளைத் தட்டுகளை அடுத்த வாரமே ஆள்விட்டுத் திருப்பி அனுப்பினாள். இரண்டு பேரும் இன்றுவரை சரியாகப் பேசிக்கொள்வதில்லை. அதற்கும் நான்தான் காரணம் என்று உறவில் ஒரு பேச்சு இருக்கிறது. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. நான் கேட்கச் சொல்லவும் இல்லை. காலையில் என் சர்க்கரை மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு வைத்துவிட்டுத்தான் கடைக்குக் கிளம்புகிறார். கழுத்துத் துளை மூடிவிட்டது. குரல் முழுதாகத் திரும்பவில்லை. அலுவலகத்தில் போன் எடுத்தால் சார் என்கிறார்கள்.

போன மாதம் ஒரு விவசாயி மோட்டாரைத் திருப்பி வாங்க அவர் கடைக்கு வந்திருக்கிறார். தாடையைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தாராம். பல்லில் கட்டி, மஞ்சள் பற்றுப் போட்டிருக்கிறேன் என்றாராம். என் வீட்டுக்காரர் துண்டை அவிழ்க்கச் சொல்லி, தாடைக்கு அடியில் இரண்டு விரல் வைத்து அழுத்தி, நாக்கைத் தூக்கச் சொல்லி, முழுங்கச் சொல்லிப் பார்த்திருக்கிறார். கடையைப் பாதியில் சாத்திவிட்டு, அவரைத் தன் பைக்கிலேயே ஏற்றிக்கொண்டுபோய் மருத்துவமனையில் சேர்த்துவிட்டார். ஐந்து நாளில் ஊசி மருந்தோடு அந்த மனிதர் வீடு திரும்பிவிட்டார்.

பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஒரு மைசூர்பாகுப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அண்ணன் இல்லையென்றால் கட்டி என்றே நினைத்துக் கிடந்திருப்பேன், எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரே கேட்டார், உனக்கு இதைச் சொன்னது யாரென்று, என்றார். என் வீட்டுக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அப்செஸுக்கும் செல்லுலைட்டிஸுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர்களுக்கு விளக்கினார். கண்மாய், கரை, வயல் எல்லாம் வந்தது. ஒரு பிழை இல்லை.

"எப்படிண்ணே உங்களுக்கு இம்புட்டுத் தெரியுது?"

"அனுபவந்தான்" என்றார்.

யாருடைய அனுபவம் என்று அந்த மனிதர் கேட்கவில்லை. நான் சேலைத் தலைப்பைக் கழுத்தோடு போர்த்திக்கொண்டு நின்றிருந்தேன். அவருடைய மனைவி எழுந்துவந்து, பெட்டியைத் திறந்து முதலில் எனக்குத்தான் நீட்டினாள்.

"அவளுக்கு வேணாம்மா, சுகர்" என்று என் வீட்டுக்காரர் குறுக்கே கையை நீட்டி ஒரு துண்டை எடுத்துக்கொண்டார்.

செல்லுலைட்டிஸ் என்று என் நோயின் பெயரைப் பிறர் முன்னால் அவர் சரியாகச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.